வால்வுக்கு நேரே மஞ்சள் புள்ளி

போன கிழமை கடையிலிருந்து தொலைபேசி வந்தது. நான் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிற மனிதன் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு அடிக்கடி மறந்துபோகும். இப்போது கடையைப் பொறுப்பாகப் பார்க்கிற சுரேன்தான் பேசினான்.

“அண்ணன், ஒரு கஸ்டமர் வந்து நிண்டு சண்ட பிடிக்கிறார். புது டயர் போட்டுக் குடுத்தம். இப்ப மஞ்சள் புள்ளி வால்வுக்கு நேர இல்லையாம். நாங்க டயரக் கழட்டி மாத்திப்போட்டமாம். கள்ளனுகள் எண்டு சொல்லாத குறைதான்.”

“என்ன கார்?”

“சின்னக் கார்தான். ஆனா ஓட்டக் கார், பறக்கிறத்துக்கெண்டே செஞ்சது. பட்டை டயர்.”

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“சிரிக்காதீங்க அண்ணன். இந்தப் புள்ளிய நேர வைக்கிற பழக்கத்தக் கடைக்குள்ள கொண்டுவந்தது நீங்களும் பெரியவரும்தானே? ஆளுக்கு என்ன சொல்ல?”

ஆறுதலாக எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். அதுதான் இது.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. “இந்த மனுசன் கோயில் பிரசாதத்தையும் மூக்குல வெச்சு மணந்து பாத்துட்டுத்தான் வாயில போடும்” என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். உண்மைதான், போடுவேன். டயர் வேலை செய்தவனுக்கு அது வராமல் இருந்தால்தான் அதிசயம். டயரைப் போல ஆளை ஏமாற்றுகிற சாமான் வேறில்லை. வெளியே கறுப்பாக, மினுமினுப்பாக, மாப்பிள்ளை போல நிற்கும். உள்ளே கம்பி துருப்பிடித்து எப்போது வெடிப்பேன் என்று காத்திருக்கும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்பு டவுணுக்கு வேலை தேடி வந்தபோது எனக்குச் சைக்கிள் டியூப் ஒட்டுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. லொறி டயர் கழற்றி முதுகு பிடித்து, லீவர் தெறித்து முன்பல் உடைந்து, ரிம்முக்கும் டயருக்கும் நடுவே விரல் நசிந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். அதில் எழுத ஒன்றுமில்லை. எல்லாத் தொழிலிலும் ஆரம்பம் அப்படித்தான்.

சுரேன் சொன்ன பெரியவர் எங்கள் முதலாளி எட்மண்ட் ஐயா. போர்த்துக்கேயர் வழி வந்த மட்டக்களப்புப் பறங்கிக் குடும்பம். தகப்பன் வழியே இரும்பு வேலையும் மெக்கானிக் வேலையும்தான். மூக்குக் கண்ணாடியை எப்போதும் நெற்றியில் ஏற்றி வைத்திருப்பார், அதன் வழியே அவர் எதையும் பார்த்ததை நான் கண்டதில்லை. டயரைப் பெருவிரலால் வாசிப்பார். பக்கச்சுவரில் கடைசியாக ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். எந்த வருசம் எத்தனையாவது கிழமை செய்த டயர் என்று அதுதான் சொல்லும். கண்ணை வாசலில் வைத்துக்கொண்டே விரலால் அதைத் தடவி, “கிழவன், திருப்பி அனுப்பு” என்பார். சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் எங்களை ‘நீங்க’ என்று மரியாதையாகப் பேசத் தொடங்கிவிடுவார். “தங்கராசா, நீங்க கொஞ்சம் இஞ்ச வாறீங்களா” என்றால் கையிலிருக்கிற லீவரைப் போட்டுவிட்டு ஓடுவேன்.

டயர் வாங்க வருகிறவர்களிடம் அவர் கேட்கிற கேள்விகளும் ஒரு தனி வகை. என்ன சைஸ், என்ன கம்பனி என்று கேட்கவே மாட்டார். எங்க ஓடுற? ஆரு ஏறுற? எதுக்குப் பயம்? இவ்வளவுதான். கடைசிக் கேள்விக்கு ஆட்கள் முழிப்பார்கள். லொறிக்காரன் ஆணி என்பான். ஓட்டோக்காரன் மனைவி என்று பகிடி விடுவான். வவுணதீவுப் பக்கத்திலிருந்து நெல் ஏற்றி வருகிற டிராக்டர்க்காரர், வயல் வட்டைக்குள்ளே மழை பெய்தால் சேறு, அதற்குத்தான் பயம் என்பார். பயத்தைக் கேட்டுத்தான் ஐயா டயரைத் தெரிவு செய்வார்.

மஞ்சள் புள்ளி அவருடைய இன்னொரு பிடிவாதம். புது டயரின் பக்கச்சுவரில் சின்னதாக ஒரு மஞ்சள் புள்ளி இருக்கும். டயரின் வட்டத்தில் பாரம் குறைந்த இடம் அது. ரிம்மில் காற்று அடிக்கிற வால்வு இருக்கிற இடம் பாரம் கூடியது. இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பூட்டினால் சக்கரம், நாங்கள் சொல்கிற சில்லு, ஆடாமல் ஓடும். மற்றக் கடைகளில் இதையெல்லாம் பார்க்க மாட்டார்கள். ஐயா பார்ப்பார். புள்ளி இல்லாமல் வந்த டயருக்கும் பாரத்தைச் சரிபார்த்து எங்கள் கையாலேயே மஞ்சள் பெயின்ட் தொட்டு வைக்கச் சொன்னார்.

யுத்த காலத்தில் அந்தப் புள்ளிக்கு இன்னொரு உத்தியோகம் கிடைத்தது. சாமான் ஒளிக்க டயருக்குள்ளே இருக்கிற வெறும் இடத்தைப் போல வசதி வேறில்லை. சோதனைச் சாவடிகளில் டயரைத் தட்டிப் பார்ப்பார்கள், சந்தேகம் வந்தால் கழற்றச் சொல்லுவார்கள். நெல் மூட்டையோடு நிற்கிற லொறிக்கு டயர் கழற்றினால் ஒரு பகல் போய்விடும். அப்போது எங்கள் கடைக்கு வருகிற லொறிக்காரர்கள் ஒரு கெட்டித்தனம் செய்தார்கள். “பாருங்க மாத்தையா, புள்ளி வால்வுக்கு நேர இருக்கு. கடையில பூட்டினதுதான், மறுகா ஒருத்தரும் கை வெக்கேல்ல” என்று சிப்பாய்களைச் சிங்களத்தில் ‘ஐயா’ போட்டுக் கூப்பிட்டுக் காட்டத் தொடங்கினார்கள். கழற்றி மறுபடி பூட்டுகிற ஒருவன் புள்ளியைப் பார்த்துப் பூட்டமாட்டான், பிசகிவிடும். நாளடைவில் சாவடியில் நிற்பவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். புள்ளி நேரே இருந்தால் போகலாம். பிசகியிருந்தால் ஓரங்கட்டு. ஒரு மஞ்சள் பெயின்ட் பொட்டு இப்படி மட்டக்களப்பு வீதிகளில் அடையாள அட்டை போல ஆகிவிட்டது. எனக்கு அது அன்றைக்கே பிடிக்கவில்லை. பெயின்டை யாரும் தொட்டு வைக்கலாம், அதை நம்பி என்ன பிழைப்பு என்று ஐயாவிடம் சொன்னேன். “அவங்கள் நம்புறாங்கள், உனக்கு என்னடா?” என்றார்.

சுனாமி வந்தபோது கடல் எங்கள் கடைப் படியைத் தொடவில்லை. கடையில் வேலை செய்த ஒருவரும் சாகவில்லை. ஆனால் எல்லோர் வீட்டுச் சொந்தத்திலும் சாவு இருந்தது. கடையைத் திறந்து வைத்துவிட்டு ஆளுக்கொரு மூலையில் இருந்து அழுதோம். கொஞ்சக் காலத்தில் உதவி நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் டவுணை நிரப்பின. எல்லாவற்றுக்கும் டயர் வேண்டும். கொழும்பிலிருந்து முன்பின் தெரியாத ஒரு ஆள் புது டயர் என்று ஒரு லொறி நிறையக் கொண்டுவந்து இறக்கினான். நல்ல கறுப்பு, மேலே கடதாசி கூட ஒட்டியிருந்தது. எனக்கு அந்தக் கறுப்புப் பிடிக்கவில்லை. எழுத்துகளின் இடுக்கில் நகத்தை விட்டுக் கிண்டினேன், மணல் வந்தது. ஒரு டயரின் உட்பக்கத்தை நக்கிப் பார்த்தேன்.

“தங்கராசா, என்னடா செய்யிறாய்?” என்றார் ஐயா.

“உப்பு ஐயா. கடல் குடிச்ச டயர்.”

ஐயாவும் குனிந்து நாக்கை வைத்துப் பார்த்தார். பிறகு அந்தக் கொழும்பு ஆளிடம் போய், “நீங்க இத ஏத்திக்கொண்டு போறீங்களா?” என்று மிக மரியாதையாகச் சொன்னார். செத்த வீட்டில் களவெடுக்க வந்தவன் போல அவன் போனான். உடைந்த கூரைத் தகடுகள் வெட்டிய காயத்துக்குள்ளே உப்புத் தண்ணீர் இறங்கிக் கம்பியைத் தின்றுகொண்டிருந்த டயர்கள் அவை. யார் தலையில் கட்டினானோ தெரியாது.

அதற்குப் பிறகு வந்ததுதான் ரஞ்சினி மிஸ்ஸின் சிவப்புக் கார். கிழக்கில் சண்டை ஓய்ந்து வடக்கில் நடந்துகொண்டிருந்த காலம் அது. ரஞ்சினி மிஸ் ஏறாவூரில் ஒரு வங்கியில் வேலை. டவுணில் வீடு. கல்லடிக் கடற்கரைப் பக்கம் இருந்த அவருடைய புருசனையும் சின்னப் பெண்பிள்ளையையும் கடல் கொண்டுபோனது. அன்றைக்கு அவர் டவுணில் தாய் வீட்டில் நின்றதால் தப்பினார். அதற்குப் பிறகு ஆள் பேச்சுக் குறைந்துபோனார். வெள்ளையும் சாம்பலுமாகத்தான் உடுப்பார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் கொழும்பிலிருந்து ஒரு சிவப்புக் காரைக் கொண்டுவந்து இறக்கினார். குட்டையான ஜப்பான் கார், பின்பக்கக் கதவு மேலே திறக்கும், சில்லுகள் அகலம், பின்னால் குழாய் உறுமும். டவுண் வாயைப் பிளந்தது. “ரெண்டு சீவனப் பறிகுடுத்தவளுக்கு இப்ப ஓட்டக் கார் கேக்குது” என்று பேசாத சந்தி இல்லை.

கார் எங்கள் கடைக்கு வந்தபோது நான் சில்லைத்தான் பார்த்தேன். முன் டயர் இரண்டும் வெளி ஓரம் தேய்ந்திருந்தன. வளைவில் வேகமாகத் திருப்புகிறவன் காருக்குத்தான் அப்படித் தேயும். பழைய சொந்தக்காரனா, மிஸ்ஸா? மிஸ் என்றால் ஏன்? ஏறாவூருக்குப் போய் வருகிற வழியில் அப்படி என்ன அவசரம்? யாருக்கு எதைக் கொண்டுபோகிற வேகம் இது? அந்தக் காலம் எங்கள் எல்லோரையும் அப்படி நினைக்கப் பழக்கியிருந்தது. எனக்குப் பழக்கவே தேவையிருக்கவில்லை.

“இதே வேக எழுத்து இருக்கிற டயர்தான் வேணும்” என்றார் மிஸ். பக்கச்சுவரில் சைஸுக்குப் பின்னால் ஒரு இங்கிலிஷ் எழுத்து இருக்கும். எந்த வேகம் வரை அந்த டயர் தாங்கும் என்று அது சொல்லும். அந்தக் காரில் இருந்தது மிகப் பெரிய வேகத்துக்கான எழுத்து.

“மிஸ், இந்த வேகத்தில ஓட மட்டக்களப்பில எங்க ரோட்டு இருக்கு? வாவிக்குள்ளதான் ஓட வேணும்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஐயா நெற்றிக் கண்ணாடியைத் தொட்டபடி வந்தார்.

“அந்த எழுத்து வேகத்துக்கு மட்டுமில்லடா. சூடு தாங்கும், திருப்பினா ஆடாது, பிரேக் அடிச்சா நிக்கும். கார் அதுக்கெண்டு செஞ்ச கார். குறைச்சுப் போடப்படாது.” பிறகு மிஸ்ஸின் பக்கம் திரும்பினார். “எங்க ஓடுறீங்க மிஸ்?”

“ஏறாவூருக்கு. வேலைக்கு.”

“ஆரு ஏறுற?”

“நான் மட்டும்.”

“எதுக்குப் பயம்?”

மிஸ் ராக்கையில் அடுக்கியிருந்த டயர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“தண்ணிக்கு” என்றார்.

ஐயா அந்தச் சைஸில் எங்களிடம் இருந்த டயர்களை ஒவ்வொன்றாக உருட்டி வந்து நிறுத்தினார். ஒன்று பார்க்க மிகக் கவர்ச்சி. வெட்டுகள் குறைவு, ரப்பர் மெது, விரல் நகம் பதிந்தது. “இது காஞ்ச ரோட்டுக்குச் சோக்கு. மழை பெஞ்சா சவுக்காரக் கட்டி மாதிரி வழுக்கும்” என்று தள்ளி வைத்தார். டயருக்கும் தாருக்கும் நடுவில் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நின்றால் கார் தண்ணீரின் மேல் மிதக்கும். ஸ்டியரிங்கும் கேட்காது, பிரேக்கும் கேட்காது. இன்னொன்று ரப்பர் கடினம், நெடுநாள் உழைக்கும். நான் அதைத்தான் சொன்னேன்.

“மிஸ், இந்த ரோட்டுக்கு மெது ரப்பர் ஒரு மாரிக்குத் தாங்காது. இது உழைக்கும்.”

“தேயட்டும் அண்ணன். தேயிறத்துக்குத்தானே டயர்” என்றார் மிஸ்.

ஐயா தெரிவு செய்தது மூன்றாவதை. நடுவிலிருந்து இரண்டு பக்கமும் அம்புத்தலை போல ஆழமாக வெட்டு இறங்குகிற டயர். ஓடும்போது தண்ணீரை இரு பக்கமும் வெட்டித் தள்ளும். அதை ஒரு பக்கமாகத்தான் பூட்டலாம். எந்தப் பக்கம் உருள வேண்டும் என்று பக்கச்சுவரில் அம்புக்குறி இருக்கும். மிஸ் குனிந்து அந்த வெட்டுக்குள் விரலை வைத்துப் பார்த்தார். விரல் உள்ளே போனது. “இதப் போடுங்க” என்றார்.

பூட்டுவது லேசான வேலை இல்லை. இப்படிப்பட்ட டயரின் பக்கச்சுவர் குட்டை, நல்ல விறைப்பு. வளையாது. ரிம்மில் ஏற்றும்போது விளிம்பு கிழிந்தால் டயர் குப்பைக்குத்தான். ஐயாவே தூரிகையை எடுத்துச் சவுக்காரத் தண்ணீரை விளிம்பைச் சுற்றித் தாராளமாகப் பூசினார். ஏற்றினோம். மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேரே கொண்டுவந்தோம். காற்று அடித்தோம், விளிம்பு ரிம்மில் போய் இருக்கிறபோது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அது கேட்கும்வரை நான் மூச்சு விடமாட்டேன். நாலு சில்லுக்கும் கேட்டது.

“மிஸ், ரெண்டொரு நாளைக்கு மெல்ல ஓடுங்க” என்றார் ஐயா. “உள்ள சவுக்காரத் தண்ணி காய வேணும். அது காயுமட்டும் பிரேக்க அமத்திப் பிடிக்காதீங்க.”

“ஓம் ஐயா. ஓம் ஓம்.”

அந்தக் கடைசி ‘ஓம்’ எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் காலையிலேயே விசயம் வந்துவிட்டது. ஏறாவூர்ப் பாதையால் வந்த ஒரு லொறிக்காரர் கடை வாசலில் நிறுத்தி, “உங்கட கடைப் புள்ளி பிசகிட்டுதாம் ஐயா. பேங்க் மிஸ்ஸ மறிச்சு வெச்சிருக்கானுகள்” என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, ஒரு ஓட்டோவில் சிப்பாய் ஒருவர் வந்து இறங்கினார். டயர் கழற்றுகிற சாமான்களோடு கடைக்காரர் உடனே வர வேண்டுமாம்.

லீவர்களையும் காற்றடிக்கிற பம்பையும் சவுக்கார வாளியையும் ஏற்றிக்கொண்டு ஐயாவும் நானும் எங்கள் வான் வண்டியில் போனோம். “நான் நேத்தே நினைச்சன் ஐயா. அந்த மனிசி எதையோ கொண்டு போயிருக்கு. இப்ப எங்களையும் சேத்து இழுக்கப்போறானுகள்” என்றேன்.

“தங்கராசா, நீங்க கொஞ்சம் பேசாம வாறீங்களா?” என்றார் ஐயா.

சாவடி வாவியோரமாக நேராக ஓடுகிற வீதியில் இருந்தது. தார்ப் பீப்பாய்கள், மண்மூட்டைகள், ஒரு வேப்பமரம். மரத்தடிப் பலகை வாங்கில் மிஸ் இருந்தார், பக்கத்தில் ஒரு பொலிஸ்காரி. கைப்பையைக் கொட்டிப் பார்த்திருந்தார்கள். சீப்பும் சாவிக்கொத்தும் வாங்கில் கிடந்தன. இளம் வயது அதிகாரி ஒருவர் காரின் முன்சில்லுக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்குத் தமிழ் தெரியும், ஆனால் அவர் படித்த தமிழில் ‘நீங்க’ இல்லை.

“இது நீ பூட்டினதா?”

“ஓம்” என்றார் ஐயா.

“புள்ளி நேரா வச்சதா?”

“நேராத்தான் வச்சது.”

நான் ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். எங்கள் கை பிசகிவிட்டது என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கலாம். அல்லது எங்களையும் வாங்கில் இருத்தியிருக்கலாம். அவர் அப்படி இப்படி யோசித்ததாகவே தெரியவில்லை.

அதிகாரி மிஸ்ஸைக் காட்டினார். “இவ சொல்றது, யாரும் கழட்டல்ல. மெதுவா ஓடினது. மெதுவா ஓடினா புள்ளி நடக்குமா? பொய். யாரோ கழட்டினது. உள்ள எதோ வச்சது. யாருன்னு சொல்லல்லன்னா மேல அனுப்புறது.”

மேலே அனுப்புவது என்றால் என்னவென்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அப்படிப் போன ஆட்களின் வீட்டுக்காரர் ஒவ்வொரு காரியாலயமாக ஏறி இறங்கியதை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

“கழட்டு” என்றார்.

கழற்றுவதற்கு முன்னால் நான் குந்தியிருந்து பார்த்தேன். அது என் பழக்கம், எமனே வந்து நின்றாலும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கை வைப்பேன். வலப்பக்க முன்சில்லில் புள்ளி வால்வைவிட்டு ஒரு கையகலம் தள்ளிப் போயிருந்தது. இடப்பக்கம் போய்ப் பார்த்தேன், அங்கேயும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பின்சில்லு இரண்டிலும் நாங்கள் வைத்த இடத்திலேயே இருந்தது. இரண்டு டயரைக் கழற்றிப் பூட்டுகிற ஒருவன் இரண்டையும் ஒரே அளவாகவா பிசக விடுவான்? அதுவும் இரண்டும் சில்லு உருள்கிற பக்கமாகவே? ரிம் ஓரத்தில் விரலை வைத்தேன். வழுவழுப்பு இன்னும் கொஞ்சம் இருந்தது. லீவர் பட்ட ஒரு கீறல் கூட இல்லை.

முதல் நாளே அந்தப் புள்ளியை நம்பாதவன் நான். பிசகிய புள்ளியை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

“ஐயா, இது கழட்டினதில்ல. ரிம்முக்குள்ள டயர் வழுக்கியிருக்கு” என்றேன்.

ஐயா குனிந்து பெருவிரலால் தடவினார். நிமிர்ந்து மிஸ்ஸைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு. தாரை இறுகப் பிடிக்கிற டயர். உள்ளே காயாத சவுக்காரத் தண்ணீர். வேகத்தில் பிரேக்கை அமத்தினால் ரிம் நிற்கும், டயர் நிற்காமல் அதன்மேல் வழுக்கி முன்னுக்குப் போகும். பிரேக்கின் பாரம் முன்சில்லுக்குத்தான். ஆனால் அது நடக்க வேண்டுமென்றால் மிஸ் பறந்திருக்க வேண்டும்.

அதிகாரி கேட்கவில்லை. முன்டயர் இரண்டையும் கழற்றினோம். உள்ளே ஈரம் மட்டும்தான்.

“ஒண்டுமில்ல மாத்தையா” என்றேன்.

“இப்ப இல்ல. நேத்து இருந்திருக்கும்.”

என்னைவிடப் பெரிய சந்தேகக்காரனை அன்றைக்குத்தான் கண்டேன்.

நான் வாங்குக்குப் போனேன். “மிஸ், உண்மையச் சொல்லுங்க. நேத்து ஓடினீங்களா?”

“வேகமா ஓடினன் எண்டு சொன்னா இன்னும் சந்தேகப்படுவாங்க அண்ணன்.”

“சொல்லாட்டி அனுப்பிப்போடுவானுகள்.”

அவர் எழும்பி நின்றார். அதிகாரியைப் பார்த்தே சொன்னார்.

“ஓடினன். இந்த ரோட்டிலதான், உங்கட சாவடிக்குத் தெரியாத தூரத்தில. ஏலுமானமட்டும் ஓடி, பிரேக் அடிச்சு நிப்பாட்டிப் பாத்தன். மறுகா திரும்பிக் கிறுகி வந்து இன்னொருக்கா.”

“யார் துரத்தினது?”

“ஒருத்தரும் துரத்தேல்ல.”

“யாருக்குக் கொண்டுபோனது?”

“ஒண்டும் கொண்டுபோகேல்ல. ஓட ஆசையா இருந்திச்சு.”

பொலிஸ்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். அதிகாரிக்கு அந்தப் பதிலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பயந்து ஓடினவர், கடத்தி ஓடினவர், தப்பி ஓடினவர் எல்லோரையும் அவருக்குத் தெரியும். ஆசைக்கு ஓடினவரை அந்தச் சாவடி அதற்கு முன் கண்டிருக்காது. புருசனும் பிள்ளையும் செத்த ஒரு பெண், அந்த வீதியில், அந்தக் காலத்தில், ஆசைக்கு ஓடினாள் என்றால் யார்தான் நம்புவது? எனக்கே நம்பக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னபோது அவர் தலை குனிந்தது, பொய் சொல்கிறவர் குனிகிற மாதிரி இல்லை. வெட்கப்பட்டார்.

ஐயா நெற்றிக் கண்ணாடியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். “நாங்க காட்டுறம்” என்றார். “நேத்துப் பூட்டின மாதிரியே சவுக்காரம் போட்டுப் பூட்டுறம். நீங்களே கோடு போடுங்க. மிஸ் ஓடட்டும். கோடு உடையாட்டி என்னையும் சேத்து அனுப்புங்க.”

அதிகாரி தலையாட்டினார்.

சவுக்காரத் தண்ணீர் போட்டு இரண்டு டயரையும் பூட்டினோம். ஐயா வெண்கட்டியை அதிகாரியின் கையிலேயே கொடுத்தார். அவர் குந்தியிருந்து ரிம்மிலிருந்து டயர்வரை ஒரே கோடாக, பள்ளிக்கூடப் பிள்ளை போல அழுத்தி இழுத்தார். இரண்டு சில்லுக்கும்.

“நீயும் ஏறு” என்றார் என்னைப் பார்த்து. “இவ தனியா போனா திரும்பி வர மாட்டா.”

அவர் காவல் நிற்பவர்களைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கத்தினார். தூரத்து மண்மூட்டைக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு அது கேட்டதா? அவன் கையாட்டவில்லை. சாவடியை நோக்கி வேகமாக வருகிற காருக்கு அந்த நாட்களில் என்ன நடக்கும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நான் காவல்காரனை நம்பவில்லை, அதிகாரியை நம்பவில்லை, மிஸ்ஸை நம்பவில்லை, நாங்கள் பூட்டிய டயரையும் நம்பவில்லை. இவ்வளவு அவநம்பிக்கையோடு முன்சீட்டில் ஏறி இருந்தேன்.

“பெல்ட்டப் போடுங்க அண்ணன்” என்றார் மிஸ்.

மெல்ல வீதியின் அந்தத் தொங்கல்வரை போய்க் காரைக் கிறுக்கித் திருப்பினார். சாவடி சின்னதாகத் தெரிந்தது. கியரைப் போட்டார். அதற்குப் பிறகு என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. வாவி ஒரு பக்கம் வெள்ளைத் தகடாக இழுபட்டுப் போனது. பீப்பாய்கள் பெரிதாகிக்கொண்டு வந்தன. மண்மூட்டைக்குப் பின்னால் நின்றவன் துவக்கை நிமிர்த்தினான். “மிஸ், மிஸ், ஐயோ மிஸ்!” என்று நான் கத்தியது வேப்பமரம்வரை கேட்டதாம். நான் திரும்பி மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சுனாமிக்குப் பிறகு அந்த முகத்தில் யாரும் காணாத சிரிப்பு. பிறகு பிரேக்கை அமத்தினார்.

பெல்ட் நெஞ்சை அறுத்தது. கார் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. பீப்பாய்க்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம்.

அதிகாரி ஓடிவந்து குந்தினார். ரிம்மில் ஒரு கோடு. டயரில் ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவே இடைவெளி. அவர் அந்த இடைவெளிக்குள் விரல்களை வைத்துப் பார்த்தார். அந்தப் பக்கம் போய் அங்கேயும் வைத்துப் பார்த்தார். எழும்பியபோது முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. என் பக்கக் கதவைத் திறந்தார்.

“நீ இறங்கு.”

இறங்கினேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சீட்டில் ஏறி இருந்தார். “நான் பார்க்க வேணும். இன்னொரு தரம் ஓடு” என்றார்.

கார் போனது. கிறுகியது. வந்தது. முதல் தரத்தைவிட வேகமாக வந்தது என்று ஐயா சத்தியம் செய்வார். பீப்பாய்க்குக் கிட்ட வந்து குத்தி நின்றது. அதிகாரி இறங்கினார். தலைமயிர் கலைந்திருந்தது. தொப்பியை வைத்தார், சட்டையை இழுத்துச் சரிசெய்தார், பாதையை மறித்திருந்த தடியைத் தூக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். “போ” என்றார் மிஸ்ஸிடம். அவ்வளவுதான். மிஸ் சீப்பையும் சாவிக்கொத்தையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு ஏறாவூருக்கு வேலைக்குப் போனார். மெல்லத்தான் போனார். நான் அவர் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

நல்லது செய்ததற்கு எங்களுக்குக் கிடைத்தது திட்டுத்தான். டயர் தானாகவும் சுற்றும் என்று தெரிந்த பிறகு அந்தச் சாவடியில் புள்ளிக்கு மதிப்பில்லாமல் போனது. லொறிக்காரர்கள் டயரைக் கழற்றிக் காட்ட வேண்டி வந்தது. “ஒரு ஓட்டக் காருக்காக எங்கட வயித்தில அடிச்சியள்” என்று கடை வாசலில் நின்று ஏசிவிட்டுப் போவார்கள்.

யுத்தம் முடிந்து, பீப்பாய்களை எடுத்த பிறகு, மிஸ் மறுபடி டயர் மாற்ற வந்தார். நாலும் நன்றாகத் தேய்ந்திருந்தன. ஐயா அதே கேள்விகளைக் கேட்டார். எதுக்குப் பயம் என்றதற்கு, “அதே தண்ணிதான் ஐயா” என்றார் மிஸ். அதே அம்புத்தலை டயரைப் பூட்டினோம். ஐயா இப்போது அவுஸ்திரேலியாவில் மகளோடு இருக்கிறார்.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. இரண்டாவது ஓட்டத்துக்கு முன்னால் அந்த அதிகாரி புதுக் கோடு போடவில்லை. உடைந்த கோட்டை அழிக்கவும் இல்லை. இறங்கிய பிறகு சில்லின் பக்கம் ஒருதரமாவது குனியவும் இல்லை. எதைச் சோதிக்க ஏறினார் அந்த மனிதர்?

சுரேன், உன் கஸ்டமர்மேல் கோபப்படாதே. புள்ளியை வால்வுக்கு நேரே வைப்பதையும் விடாதே. சவுக்காரத் தண்ணீரை அளவாகப் பூசு, காயும்வரை மெல்ல ஓடச் சொல்லு. முன்சில்லு இரண்டிலும் புள்ளி ஒரே அளவாக முன்னுக்குப் போயிருக்கிறதா என்று பார். போயிருந்தால் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, ஓடிப் பார்த்தீங்களா என்று கேள். மெல்லத்தான் ஓடினன் என்பார். நம்பாதே. தேத்தண்ணீர் ஒன்று கொடுத்து, எந்த ரோட்டில் என்று கேள்.